6 மீட்டர்தானேன்னு ஸ்வீப்ஸ்டேக்ஸ் கப்பலுக்கு டைவ் போகலாமா?

போகலாம், ஆனா ஆழம் கம்மின்னா ஈஸின்னு நினைக்காதீங்க. கனடாவுல ஹூரான் ஏரி ஓரமா டோபர்மோரில இருக்கிற மரக்கப்பல் இது, 1867ல கட்டினது, 1885ல மூழ்குச்சு, இன்னும் உடம்பு குலையாம உட்கார்ந்திருக்கு. காரணம் குளிர்ந்த நல்ல தண்ணி, கடல்ல மரத்தை துளைச்சு தின்னுற கப்பல் புழு இங்க கிடையாது.

குளிருக்கு டிரைசூட், அதாவது உள்ள தண்ணி புகாத டைவிங் டிரஸ், போட்டா நல்லது, ஆனா அதுல இருக்கிற காத்து மேல வர வர விரியும், பத்து மீட்டர்ல இருந்து மேல வந்தா அப்படியே டபுளாகும், அதனால இந்த மாதிரி கம்மி ஆழத்துலதான் பேலன்ஸ் பண்றது ரொம்ப கஷ்டம், சட்டுன்னு மேல தூக்கிடும், மேல டூர் போட் வேற போகும். ரெகுலேட்டர், அதாவது வாயில வெச்சு மூச்சு விடுற கருவி, உறைஞ்சு காத்து நிக்காம கொட்டுச்சுன்னா பதறாம வாய் ஓரமா மூச்சு இழுத்துக்கிட்டே மேல வந்துடுங்க, டைவ் அதோட முடிஞ்சுது.

உள்ள நுழையவே கூடாது. நாம விடுற காத்துக்குமிழி மேல்தளத்துக்கு அடியில தேங்கி பலகையை மேல தள்ளும், இத்தனை வருஷம் தாங்கின மரம் பாவம். முன்பக்கம் நங்கூரம் இழுக்கிற உருளை இருக்கு, வெளியில இருந்தே நிதானமா பாருங்க. தேசிய கடல் பூங்கா ஏரியாங்கிறதால முதல்ல ரிஜிஸ்டர் பண்ணணும்.