முன் சீட் ஏன் காலி?

கேள்வி: பைப்பர் ஜே-3 கப் என்ற பழைய மஞ்சள் விமானத்தின் வீடியோ பார்த்தேன். முன் சீட் காலி. பைலட் பின்னால் உட்கார்ந்து ஓட்டுகிறார். முன்னால் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியுமே?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: தெரியும்தான், ஆனால் எடை ஒத்துவராது. 1938-ல் வந்த அந்த அமெரிக்க விமானத்தில் எஞ்சின் மூக்கில். சுமார் 45 லிட்டர் பெட்ரோல் டாங்கும் முன் சீட்காரரின் முழங்காலுக்கு எதிரே. தனி ஆளும் முன்னாலேயே உட்கார்ந்தால் மூக்கு கனத்துவிடும். அதனால் பின் சீட்.

பெட்ரோல் அளவு காட்டும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: டாங்க் மூடியின் நடுவே ஒரு கம்பி, அதன் அடியில் மிதக்கும் கார்க். கண்ணாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி இறங்க இறங்கப் பெட்ரோல் தீர்கிறது என்று அர்த்தம்.

பார்வைக் கஷ்டம் இல்லாமலில்லை. வால் சக்கர விமானம் என்பதால் தரையில் மூக்கு தூக்கியே நிற்கும், நேர் எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஓடுபாதைக்குப் போகும்போது பைலட் பாம்பு போல வளைந்து வளைந்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்தபடி போவார். கருவிகளும் முன்பக்கம் மட்டும்தான். பருமனான நண்பரை முன்னால் ஏற்றினால் அவர் தோளுக்கு மேலாக எட்டித்தான் பார்க்க வேண்டும்!

1949-ல் வந்த சூப்பர் கப்பில் டாங்குகளை இறக்கைகளுக்கு மாற்றினார்கள். அப்புறம் தனியாக ஓட்டுபவருக்கும் முன் சீட் கிடைத்தது.