பழைய பீங்கான் துண்டு கிடைத்தால் பிள்ளைக்கு முதலில் எதைச் சொல்லித் தருவது?

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்: ஆறாம் ஆண்டு படிக்கும் மகன் வீட்டுக்குப் பின்னால் செடி நடத் தோண்டியபோது நீலப் பூப்போட்ட பீங்கான் துண்டு கிடைத்ததாம். கழுவி அலமாரியில் வைத்துவிட்டு, இது எத்தனை வருஷம் பழசு, தொல்லியல் ஆய்வாளர்கள் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று நச்சரிக்கிறானாம். வீட்டிலேயே எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

தம்பி வயதைக் கேட்கிறார், ஆய்வாளர் முதலில் இடத்தைக் கேட்பார். எவ்வளவு ஆழத்தில் கிடந்தது, பக்கத்தில் வேறு என்ன இருந்தது, மண்ணின் நிறம் எங்கே மாறியது. பக்கத்திலேயே பிளாஸ்டிக் மூடி ஒன்று கிடந்திருந்தால், துண்டு எவ்வளவு பழசாக இருந்தாலும் அந்த மண் நம் காலத்தில் கிளறப்பட்டது என்று தெரிந்துவிடும். அதனால் குழி இருந்த இடத்தை நினைவிருக்கும்போதே வரைந்து, சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். கழுவியதால் பீங்கானுக்குப் பெரிய நஷ்டமில்லை, மண்பானை ஓடாக இருந்தால் ஒட்டியிருக்கும் கரியும் உணவு மிச்சமும் போய்விடும்.

வயதுக் கணக்கில் கார்பன் 14 என்ற, மெல்ல மெல்லச் சிதைந்து குறைகிற ஒரு வகைக் கார்பனின் பெயர் அடிபடும். அந்தச் சோதனை ஒருகாலத்தில் உயிரோடிருந்த பொருளுக்குத்தான்: கரி, எலும்பு, சிப்பி. உயிர் போன பிறகு அதிலுள்ள கார்பன் 14 சுமார் 5,730 வருஷத்தில் பாதியாகும், மிச்சத்தை அளந்து காலம் சொல்கிறார்கள். பீங்கானில் அது நடக்காது, கூடவே கிடந்த கரியைத்தான் சோதிக்க வேண்டும். பாருங்கள், மறுபடியும் இடம்தான்.

கடையில் விற்கிற, தோண்டினால் பொம்மை வருகிற பெட்டிகள் எனக்குப் பிடிக்காது, அவை புதையல் வேட்டையைத்தான் கற்றுத் தருகின்றன. அதற்குப் பதில் அளவு வேறுபட்ட இரண்டு பழைய பூச்சட்டிகளை உடைத்துத் துண்டுகளைக் கலந்து கொடுங்கள். ஒட்டக் கூடாது. விளிம்பு, வயிறு, அடி என்று பிரிக்கட்டும், அப்புறம் ஒரு பெரிய தாளில் காம்பஸால் ஒரே மையத்தில் ஒரு செண்டிமீட்டர் இடைவெளியில் வட்டங்கள் போட்டு, விளிம்புத் துண்டின் வளைவு எந்த வட்டத்தோடு சரியாகப் பொருந்துகிறது என்று பார்க்கட்டும், சட்டியின் வாய் எவ்வளவு அகலம் என்பது அந்த ஒரு துண்டிலிருந்தே வந்துவிடும். ஆய்வுக்கூடத்திலும் இதேதான் செய்கிறார்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஸ்கேல் இருக்க வேண்டும்.

உங்கள் பக்கத்திலேயே, கெப்பாலா பத்தாஸ் அருகே குவார் கெப்பா இருக்கிறது. ஆதி மனிதர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகளின் மேடு, சுருக்கமாகச் சொன்னால் குப்பை. 2017-இல் அங்கேதான் சுமார் 5,700 வருஷப் பழமையான 'பினாங்குப் பெண்' எலும்புக்கூடு கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை: ஆர்வம் வந்துவிட்டது என்று அங்கெல்லாம் போய்த் தோண்டக் கூடாது, அகழாய்வுக்கு அனுமதி வேண்டும். 2005 தேசியப் பாரம்பரியச் சட்டப்படி, முக்கியமான பழம்பொருள் என்று தோன்றினால் மாவட்ட அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும்.

விடுமுறையில் கெடா மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே இருக்கும் பழங்காலக் கோயில்களில் புக்கிட் பத்து பகாட் கோயில் தோண்டி எடுத்த இடத்திலேயே நிற்கிறது, சில கோயில்கள் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. எது எது என்று தம்பியையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.