மறுபடியும் இராஸ் போடலாமா?

கேள்வி:

வணக்கம். எனக்கு வயது 27. மதுரைப் பக்கம். 2021இல் ஹவுஸ் சர்ஜன்ஷிப் முடித்தேன். அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி (மருத்துவமனையில் செய்யும் மேற்படிப்புப் பயிற்சி) சேர வேண்டும் என்று அங்கத்திய உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இயில் ஸ்டெப் 1 (பாஸ்), ஸ்டெப் 2 சிகே (236) இரண்டையும் முதல் முயற்சியிலேயே முடித்தேன். நியூஜெர்சியில் ஒரு தனியார் கிளினிக்கில் நான்கு வாரம் வீதம் இரண்டு ஆப்சர்வர்ஷிப் (டாக்டர் கூடவே இருந்து பார்க்கும் பயிற்சி). கடந்த செப்டம்பரில் இராஸ் (ERAS) என்ற விண்ணப்பப் போர்ட்டல் வழியாக 150 ரெசிடென்சி புரோகிராம்களுக்கு விண்ணப்பித்தேன். மூன்று இன்டர்வியூ வந்தது. மூன்றையும் விருப்ப வரிசைப்படி ரேங்க் செய்தேன். 2025 மார்ச் 17, திங்கள் மாலை மேட்ச் ஆகவில்லை, அதாவது எங்கும் இடமில்லை என்று மெயில் வந்தது. அந்த வாரமே, நிரம்பாத இடங்களுக்கான சோப் (SOAP) சுற்றில் 45 விண்ணப்பம் போட்டேன். ஒரு போன்கூட வரவில்லை.

அன்றிலிருந்து இராஸ் போர்ட்டலைத் திறக்கவே முடியவில்லை. லாகின் பக்கம் வந்ததும் கை நடுங்குகிறது. மூன்றாவது இன்டர்வியூவில் ஒரு கேள்விக்குத் தடுமாறினேன். இரவு இரண்டு மணிக்கு அதுவே திரும்பத் திரும்ப ஓடுகிறது. என் ஸ்டடி குரூப்பில் நாலு பேர், மூன்று பேருக்குக் கிடைத்துவிட்டது. அப்பா ரிட்டயர்மென்ட் பணத்தை எடுத்துக் கொடுத்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அம்மா சனிப்பெயர்ச்சி முடிந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகும் என்கிறார். சொந்தக்காரர்களிடம் ரிசல்ட் தள்ளிப்போயிருக்கிறது என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த முறை 250 புரோகிராம் போடலாம், ஜூனில் ஸ்டெப் 3 எழுதலாம், கூடவே நீட் பிஜிக்கும் படிக்கலாம் என்று நினைக்கிறேன். படிப்பதற்காகப் போன வருடம் டியூட்டி டாக்டர் வேலையையும் விட்டுவிட்டேன். நான் செய்வது சரியா? எனக்கு மருந்து ஏதாவது தேவையா?

பதில்:

அன்புள்ள டாக்டர்,

இரவு இரண்டு மணிக்கு நீங்கள் ஓட்டிப் பார்க்கும் அந்த மூன்றாவது இன்டர்வியூவால் நீங்கள் மேட்ச் ஆகாமல் போகவில்லை. கணக்கைப் பாருங்கள். 150 இடத்தில் 147 பேர் உங்களைக் கூப்பிடவே இல்லை. உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அக்டோபரிலேயே, பெரும்பகுதி முடிந்துவிட்டது. ஆனால் அந்த 147 மௌனத்துக்கும் முகமில்லை, குரலில்லை. மனசு எதை வைத்து ஓட்டிப் பார்க்கும்? படமாக இருக்கும் அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் தூக்கமும் கெடுகிறது, சரிசெய்ய வேண்டிய இடமும் கண்ணில் படுவதில்லை.

ரேங்க் லிஸ்ட் மூன்று என்பது குறைவு. லிஸ்ட்டில் ஒரே துறையில் எத்தனை புரோகிராம் தொடர்ந்து இருக்கிறதோ அதைப் பொறுத்து வாய்ப்பு ஏறுவதை, மேட்சை நடத்தும் என்ஆர்எம்பி வெளியிடும் கணக்குகளே காட்டுகின்றன. 2025 மேட்சில் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத, வெளிநாட்டில் படித்த டாக்டர்களில் முதலாண்டு இடம் கிடைத்தவர்கள் 58 சதவீதம். நூறு பேரில் 42 பேருக்கு அந்தத் திங்கள் உங்களுக்கு வந்த மெயில்தான் வந்தது. அவர்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவதில்லை, அவ்வளவுதான். சோப்பில் போன் வராததையும் தனித் தோல்வியாக எண்ண வேண்டாம். அங்கே புரோகிராம்தான் முதலில் கூப்பிட வேண்டும், நாம் கூப்பிட்டால் விதிமீறல். காத்திருந்ததைத் தவிர நீங்கள் செய்திருக்கக்கூடியது எதுவும் இல்லை.

இன்டர்வியூ நிறைய வந்தும் மேட்ச் ஆகாதவர் பேசும் விதத்தைப் பார்க்க வேண்டும். இன்டர்வியூவே அதிகம் வராதவர் தன் விண்ணப்பக் கோப்பைப் பார்க்க வேண்டும். நீங்கள் இரண்டாவது வகை. அதனால் 250 என்ற எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். அதே கோப்பை இன்னும் நூறு பேருக்கு அனுப்பினால் இன்னும் நூறு மௌனம்தான் கிடைக்கும். அவமானம் நம்மை இப்படித்தான் வேலை வாங்கும்: பிழையைச் சரிசெய்யச் சொல்லாது, வேகத்தைக் கூட்டச் சொல்லும்.

போன வருடப் பட்டியலை ஒரு எக்செல் ஷீட்டில் போடுங்கள். போர்ட்டலைத் திறக்க முடியாவிட்டால் கட்டணம் கட்டியபோது வந்த ரசீதிலிருந்தே பெயர்களை எடுக்கலாம். ஒவ்வொரு புரோகிராமுக்கு எதிரேயும் நான்கு விஷயம் எழுதுங்கள்: என்ன விசா தருகிறார்கள், படித்து முடித்து எத்தனை வருடம் வரை ஏற்கிறார்கள், அமெரிக்கக் கிளினிக்கல் அனுபவம் எவ்வளவு கேட்கிறார்கள், இப்போது இருக்கும் ரெசிடென்ட்களில் வெளிநாட்டில் படித்தவர்கள் எத்தனை பேர். முதல் மூன்றும் பெரும்பாலும் அவர்கள் தளத்தில் விண்ணப்பதாரருக்கான பக்கத்தில் இருக்கும், ஃப்ரைடா (FREIDA) என்ற புரோகிராம் பட்டியல் தளத்திலும் ஓரளவு பார்க்கலாம். நான்காவதுதான் உண்மையைச் சொல்லும். ரெசிடென்ட்களின் போட்டோ பக்கத்தைத் திறந்து, பெயருக்குக் கீழே இருக்கும் கல்லூரிகளை எண்ணுங்கள். முப்பது பேரில் ஒருவர்கூட வெளிநாட்டுக் கல்லூரி இல்லையென்றால், 'எல்லோரையும் வரவேற்கிறோம்' என்ற வரிக்கு அர்த்தமில்லை. உங்களுக்கு விசா தேவை, படித்து முடித்து நான்கு வருடம் ஆகிறது. ஐந்து வருட வரம்பு வைத்திருக்கும் இடங்கள் ஏராளம், மூன்று வருடம் வைத்திருப்பவையும் உண்டு. பூட்டிய கதவுகளை எத்தனை தட்டியிருக்கிறீர்கள் என்பது இந்த ஷீட்டில் தெரியும்.

அப்பாவின் பணம் உறுத்துகிறது என்பதால் பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2025 மேட்ச் பருவத்தில் இராஸ் கட்டணம் ஒரு துறைக்கு முதல் 30 விண்ணப்பம் வரை தலா 11 டாலர், அதற்கு மேல் தலா 30 டாலர். 150க்கு 330ம் 3,600ம் சேர்த்து 3,930 டாலர், மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல். அதே கட்டணத்தில், நன்றாகச் சலித்தெடுத்த 80 புரோகிராமுக்கு 1,830 டாலர்தான். மிச்சமாகும் 2,100 டாலரை இன்னொரு ஆப்சர்வர்ஷிப்புக்கு வைக்கலாம். ஒரு புரோகிராமில் நமக்குத் தனி ஆர்வம் என்று விண்ணப்பத்தோடு காட்டும் சிக்னல்களையும் இப்படியே சலித்தெடுக்க வேண்டும். இன்டர்னல் மெடிசினுக்கு 3 கோல்டு, 12 சில்வர். பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்கு ஆசைப்பட்டு அனுப்பும் கோல்டு வீண். ஷீட்டில் நான்கு கட்டமும் உங்களுக்குப் பொருந்தும் இடங்களுக்குக் கொடுங்கள். முன்பு கூப்பிட்ட மூன்றில் உங்களுக்குப் பிடித்தது இருந்தால் அதற்கும் கொடுக்கலாம்.

கோப்பில் மிகவும் பலவீனமாகத் தெரிவது பரிந்துரைக் கடிதங்கள். இரண்டு ஆப்சர்வர்ஷிப்பும் ஒரே கிளினிக், அதுவும் ஓபி மட்டும். 'நேரத்துக்கு வருவார், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார், ஆர்வமுள்ளவர்' என்று ஒரு கடிதம் வந்தால், சொல்ல வேறொன்றும் இல்லை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'சோடியம் 118 இருந்த நோயாளியைப் பற்றிப் பேசும்போது, நான் கேட்பதற்கு முன்பே யூரின் ஆஸ்மொலாலிட்டி என்ன என்று கேட்டார்' என்ற ஒரு வரி இருந்தால் கடிதத்துக்கு உயிர் வந்துவிடும். ஆப்சர்வர் நோயாளியைத் தொட முடியாது, ஆனால் கேள்வி கேட்கலாம், படித்துவிட்டு வந்து பேசலாம். எனவே இந்த முறை ரெசிடென்சி நடக்கும் மருத்துவமனையின் வார்டில் நான்கு முதல் ஆறு வாரம் தேடுங்கள். கடைசி வாரம் நேரில் கேளுங்கள்: 'எனக்காக வலுவான கடிதம் எழுத முடியுமா?' தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். ஒப்புக்கொண்டால், பெயரில்லாமல் நீங்கள் சேர்ந்து பேசிய நாலைந்து கேஸை ஒரு பக்கத்தில் எழுதி, இராஸ் கடிதக் கோரிக்கைப் படிவத்தோடு அன்றே கொடுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடிதத்துக்கு மதிப்புக் குறையும். ஒரு புரோகிராமுக்கு நான்கு கடிதம் வரை அனுப்பலாம். அதில் குறைந்தது இரண்டு கடிதமாவது புதிதாக இருக்கட்டும்.

ஜூனில் ஸ்டெப் 3 வேண்டாம். அது இரண்டு நாள் தேர்வு: முதல் நாள் 232 கேள்வி, இரண்டாம் நாள் 180 கேள்வியும் கம்ப்யூட்டரில் நோயாளியை நடத்தும் 13 கேஸும். தூங்காத ஒருவர் இரண்டு மாதத்தில் எழுதித் தோற்றால் அந்தத் தோல்வி கோப்பிலேயே நிற்கும், பாஸ் செய்த தேர்வை மதிப்பெண்ணுக்காகத் திரும்ப எழுதவும் முடியாது. ஹெச்1பி விசா தரும் இடங்களுக்கு ஸ்டெப் 3 அவசியம், ஜே1 என்ற பயிற்சி விசாவுக்கு இல்லை. தேர்வை அமெரிக்காவில்தான் எழுத முடியும் என்பதால் ஆப்சர்வர்ஷிப் பயணத்தோடு சேருங்கள். ரிசல்ட் வர மூன்று நான்கு வாரம் ஆகும். புரோகிராம்கள் செப்டம்பர் கடைசியில் கோப்பைத் திறக்கின்றன. ஆகவே ஆகஸ்ட் நடுவுக்குள் எழுத வேண்டும். ஜூலையில் பயிற்சித் தேர்வுகள் தைரியம் தராவிட்டால் ஸ்டெப் 3 இல்லாமலே விண்ணப்பியுங்கள்.

நீட் பிஜியையும் அதே கோடையில் வைப்பது குருவி தலையில் பனங்காய். அதை விடச் சொல்லவில்லை, தேதி போடச் சொல்கிறேன். டிசம்பர் 31 அன்று கையில் ஐந்துக்குக் குறைவான இன்டர்வியூ இருந்தால், ஜனவரி முதல் நீட் பிஜி புத்தகம். ஐந்து என்பது என் கணிப்புத்தான், வேண்டுமானால் நீங்களே ஓர் எண்ணைப் போடுங்கள். ஆனால் இன்றே எழுதி வையுங்கள், டிசம்பரில் மனசு பேரம் பேசும். படித்து முடித்து ஐந்து வருடம் கடந்தபின் கதவுகள் இன்னும் குறையும் என்பதால் மூன்றாவது முறையை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

வேலையை விட்டதுதான் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி. அடுத்த மாதமே ஒரு மெடிசின் வார்டில் டியூட்டிக்குச் சேருங்கள், வாரம் நான்கு நாள் போதும். இராஸில் பத்து அனுபவம் எழுத இடமுண்டு, அதில் மூன்றை முக்கியமானதாகக் காட்டலாம். 'தேர்வுக்குத் தயாரித்தேன்' என்பதற்கு அங்கே இடமில்லை. 'ஒரு ஷிஃப்டில் முப்பது படுக்கை, டெங்கு, டயாபடிக் கீட்டோஅசிடோசிஸ், இரவில் நானே முடிவெடுத்தேன்' என்பதற்கு உண்டு. விண்ணப்பத்தைவிட உங்களுக்கே அது அதிகம் தேவை. காலை ஒன்பது மணிக்கு யாராவது உங்களை 'டாக்டர்' என்று கூப்பிட வேண்டும்.

பெர்சனல் ஸ்டேட்மென்ட்டைப் புதிதாக எழுதுங்கள். பழையதை வைத்திருக்கும் புரோகிராம்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேட்ச் ஆகாததற்கு அதில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். இன்டர்வியூவில் கேட்டால் இப்படி: 'சென்ற ஆண்டு விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. என் அமெரிக்க அனுபவம் முழுவதும் கிளினிக்கில்தான் இருந்தது. இந்த ஆண்டு வார்டில் வேலை பார்த்தேன், உள்நோயாளிப் பிரிவில் ஆறு வாரம் ஆப்சர்வர்ஷிப் செய்தேன். இன்னின்னது கற்றுக்கொண்டேன்.' ஆங்கிலத்தில் நாற்பது விநாடி. அப்புறம் நிறுத்திவிடுங்கள். பலரும் கெடுப்பது அந்த நாற்பத்தோராவது விநாடியில்தான். மன்னிப்புக் கேட்கத் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் சிஸ்டத்தைத் திட்டுவார்கள். போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

இன்டர்வியூ எடுத்த மூன்று இடங்களுக்கும் மே மாதம் ஐந்து வரியில் மெயில் அனுப்புங்கள். ஏன் எடுக்கவில்லை என்று கேட்காதீர்கள், கோப்பில் எதை வலுப்படுத்தலாம் என்று கேளுங்கள். பதில் வராமலே போகலாம். வந்தால் தங்கம்.

போர்ட்டல் பயத்துக்கு: பகலில், அம்மாவோ தோழியோ அதே அறையில் இருக்க, பத்து நிமிடம் லாகின் செய்துவிட்டு மூடுங்கள். எதையும் படிக்க வேண்டாம். நடுக்கம் வரும், ஏறும், தானாக இறங்கும். இறங்குவதற்கு முன் மூடிவிட்டால் பயம்தான் ஜெயிக்கும். நான்கைந்து நாள் செய்தால் அது வெறும் வெப்சைட் ஆகிவிடும். ஸ்டடி குரூப்பை ஜூலை முடியும்வரை மியூட் செய்யுங்கள். ஜூலை 1 ரெசிடென்சி தொடங்கும், வெள்ளைக்கோட்டுப் போட்டோக்கள் வரும்.

சொந்தக்காரர்களுக்கு ஒரே வரி போதும்: 'இந்த வருஷம் கிடைக்கல, செப்டம்பர்ல மறுபடி போடுறேன்.' பொய்யைக் காப்பாற்றுவதற்கு ஆகும் உழைப்பைவிட இது மலிவு. சனிப்பெயர்ச்சியை அம்மாவிடமே விட்டுவிடுங்கள், அவருக்கும் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும்.

மருந்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு மாதமாகத் தூக்கம் கெட்டிருக்கிறது என்பதே ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம். மருந்து வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும், உங்களுக்கு நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள். டாக்டர்கள் செய்யும் பழைய தப்பு அது. பசி போய்விட்டால், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும், அன்றே வீட்டில் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்த நேரமும் பேசலாம்.

அப்பாவிடம் பேசும்போது எக்செல் ஷீட்டையும் அந்த 1,830 டாலர் கணக்கையும் டிசம்பர் தேதியையும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். அவர் ஒரு வார்த்தை கேட்காமல் இருப்பது, கேட்டால் நீங்கள் உடைந்துவிடுவீர்களோ என்ற பயமாகவும் இருக்கலாம். முதல் வார்த்தை உங்களுடையதாக இருந்தால் அவருக்கும் பேச வரும்.