கிளை விட்ட மூலக்கூறு சங்கிலியாகுமோ?

கேள்வி: ஏ.எல். கெமிஸ்ட்ரி படிக்கிறன். மரம் மாதிரிக் கிளை விட்ட மூலக்கூறுகளை ஐதரசன் பிணைப்பால கோர்த்துப் பல்பகுதியம் (பொலிமர், நீளச் சங்கிலி மூலக்கூறு) செய்யினம் எண்டு வாசிச்சன். அந்தப் பிணைப்பு நலிஞ்சது எண்டுதானே சேர் படிப்பிச்சவர், பிறகு சங்கிலி எப்பிடி நிக்கும்?
- மாணவி, முள்ளியவளை

பதில்: சேர் சொன்னது சரி பிள்ளை. காபன்-காபன் பிணைப்பை உடைக்க மோலுக்கு 350 கிலோயூல் கிட்ட வேணும், ஐதரசன் பிணைப்புக்குப் பெரும்பாலும் 10இல இருந்து 30 காணும். ஆனா அந்தப் பிணைப்பு நாலை நிரையா வச்சா கதை வேற, நாலும் சேர்ந்து இறுக்கிப் பிடிக்கும். 1997இல நெதர்லாந்தில எய்ந்தோவனில மெய்யர் எண்ட இரசாயனவியலாளரும் ஆக்களும் அதைத்தான் செய்தவை, மூலக்கூறின்ர ரெண்டு நுனியிலயும் நாலு நாலு பிணைப்புப் போடுற தலையை வச்சினம், குளோரோபோம் எண்ட கரைப்பானுக்குள்ள அது தானாவே நீளச் சங்கிலியாகீட்டுது. சூடாக்கினா கழரும், ஆறவிட்டா திரும்பக் கோர்க்கும். ஒரு நுனியில மட்டும் தலை உள்ளது கொஞ்சம் கலந்தாலும் சங்கிலி கட்டையாப் போயிடும், அதால சுத்தம் முக்கியம்.

இனிக் கிளைக்கு வாறன். 1985இல டொமாலியா குழு வெளியிட்ட முறையில கிளை மூலக்கூறை நடுவில இருந்து வெளியால வளர்க்கிறது, ஒவ்வொரு தலைமுறைக்கும், அதாவது கிளை விடுற ஒவ்வொரு சுற்றுக்கும், நுனி 4, 8, 16, 32 எண்டு இரட்டிக்கும். 1990இல ஹோக்கரும் ஃப்ரெஷேயும் அதைத் தலைகீழாக்கி நுனியில தொடங்கி அடிக்கு வந்தினம், சங்கிலி கட்டுறவைக்கு இதுதான் வாய்ப்பு, ஏனெண்டா அடி ஒண்டு தனிய மிஞ்சும், அதில பிணைப்புத் தலையைக் கொழுவலாம்.

எனக்கு எப்பவும் வியப்பாயிருக்கிறது 1996இல அமெரிக்காவில சிம்மர்மான் குழு காட்டினதுதான். நாலு காபொட்சிலிக்கமிலத் தலை உள்ள ஒரே நடுப்பகுதி, அதில கொழுவின கிளை சின்னனா இருந்தா நீளவாக்கில சேருது, கிளை பெருத்தா இடம் நெருக்கி ஆறு மூலக்கூறு வட்டமாச் சேர்ந்து அதோட மூடிடுது. பிணைப்பு மாறேல்ல பாருங்கோ, கிளையின்ர பருமன்தான் மாறினது! அப்ப சங்கிலி வேணுமோ வட்டம் வேணுமோ எண்டு தீர்மானிக்கிறது பிணைப்பு மட்டுமில்ல, கிளையும்தான்.

பெர்செக் எண்டவர் வடிவத்தை வச்சே கனக்கச் செய்தவர். வட்டமா வெட்டின வத்தகப்பழத் துண்டைக் கூராக் கூறு போட்டமாதிரி ஒரு பக்கம் ஒடுங்கி மற்றப்பக்கம் அகண்ட மூலக்கூறுகள், ஒடுங்கின பக்கம் உள்ளுக்கு வரச் சேர்ந்து தட்டாகும், தட்டுக்கு மேல தட்டு அடுக்கித் தூணாகும். கூம்பு வடிவமா இருந்தா தூணில்லாம உருண்டையா வரும்.

இன்னொண்டு, கரைப்பானைக் கவனியுங்கோ. குளோரோபோமுக்குள்ள நிக்கிற சங்கிலிக்கு மெதனோல் விட்டா அதுவே வந்து ஐதரசன் பிணைப்புகளைப் பிடிச்சுக்கொள்ளும், சங்கிலி கலைஞ்சிடும்.