உலகச் சந்தைக்குக் கதவு திறந்தால் நம் தொழிலாளர் சட்டத்தை வெளிநாட்டுக்காரர்களா முடிவு செய்வார்கள்?

நேரடியாக இல்லை. சட்டம் போடுவது டெல்லியும் கோட்டையும்தான். ஆனால் முதலீடு சுலபமாக எல்லை தாண்டும், தொழிலாளி அப்படித் தாண்ட முடியாது, அதனால் "இங்கே கட்டுப்பாடு அதிகம், வேறு நாட்டுக்குப் போகிறோம்" என்று கம்பெனி பேச்செடுத்தாலே அரசுகள் இறங்கி வந்துவிடும். தண்டையார்பேட்டை ஷேர் ஆட்டோ மாதிரிதான்: ஒருத்தர் 20 ரூபாயை 15 ஆக்கினால் மற்றவர்களும் குறைத்தே ஆக வேண்டும், ஸ்டாண்டே கூடி "இதற்குக் கீழே ஓட்டக் கூடாது" என்றால்தான் எல்லோருக்கும் கட்டுப்படியாகும்.

நாடுகளுக்கு அப்படி ஒரு ஸ்டாண்டாக 1919-ல் வந்ததுதான் ஐஎல்ஓ, அதாவது சர்வதேச தொழிலாளர் அமைப்பு. (அதற்கு முந்தைய வருடமே பெரம்பூரில், வெள்ளைக்காரர் நடத்திய பி அண்ட் சி மில் தொழிலாளர்களை வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்துவிட்டது, நம்ம ஏரியா முந்திக்கொண்டது!) 2023 ஏப்ரலில், முதலீடு வேண்டும் என்று சொல்லி 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது, தொழிற்சங்கங்கள் கொதித்தன, மே தினத்தன்று முதல்வர் வாபஸ் என்று அறிவித்தார். அழுத்தம் வெளியிலிருந்து வரலாம், பேனா இங்கேதான் இருக்கிறது.

அப்புறம், ஐஎல்ஓ உடன்படிக்கை தானாகவே நம் சட்டமாகிவிடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். கிடையாது, அரசு ஏற்றுக்கொண்டால்தான் கட்டுப்படுத்தும், சங்க உரிமை பற்றிய 87, 98-ஆம் எண் உடன்படிக்கைகள் இரண்டையும் இந்தியா இன்னும் ஏற்கவில்லை.