ஆறரை மணி வரைக்கும் ஆட்டம்: வாசகர் கேள்வி பதில்

2025-இல் வந்த கேம்களில் எதை ஆடினீர்கள், எது பிடித்தது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் நம் வடசென்னைப் பக்கத்துக் கேள்விகள். அதனால் இந்த முறை முழுக்க அதுதான்.

கே: அண்ணே, நீளமாகப் பட்டியல் எல்லாம் வேண்டாம். போன வருஷம் ஆடியதில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். (கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை)

டெஸ்பெலோட்டே. யோசிக்கவே வேண்டாம் தம்பி.

மே 1-ஆம் தேதி வந்தது. முடிக்க இரண்டு மணி நேரம்தான் ஆகும். ஈக்வடார் தலைநகர் கீட்டோ, வருஷம் 2001, நீங்கள் ஹூலியான் என்ற எட்டு வயதுப் பையன். ஈக்வடார் அதுவரை ஒருமுறைகூட உலகக் கோப்பைக்குப் போனதில்லை. 2002 கோப்பைக்குத் தகுதி பெற இன்னும் சில மேட்ச்தான் பாக்கி. ஊரே அந்த ஜுரத்தில் இருக்கிறது. எங்கே திரும்பினாலும் டிவியிலோ ரேடியோவிலோ மேட்ச் ஓடுகிறது, பெரியவர்கள் அதையேதான் பேசுகிறார்கள், நடுவில் நீங்கள் பார்க்கில் பந்தை உதைத்துக்கொண்டு திரிகிறீர்கள். அவ்வளவுதான் கேம். கோல் போட்டு ஜெயிக்கிற வேலை கிடையாது. கண்ட்ரோலரின் வலது ஸ்டிக்கைத் தள்ளினால் உதை. பந்து எங்கே போகிறதோ அங்கே ஓட வேண்டும். இந்த நேரத்துக்குள் வந்துவிடு என்று அம்மா சொல்லி அனுப்புவார், கையில் வாட்ச் இருக்கும், பார்த்துக்கொண்டே விளையாடுவீர்கள், எப்படியும் நேரம் தாண்டிவிடும்.

நான் வளர்ந்தது வியாசர்பாடி. எங்கள் வீட்டில் ஆறரை மணி கணக்கு. மைதானத்தில் வெளிச்சம் போன பிறகும் பந்தின் சத்தத்தை வைத்தே ஆடிக்கொண்டிருப்போம். யாராவது ஒருவனுடைய அம்மா வந்து நின்றால் அன்றைய மேட்ச் முடிந்தது, ஸ்கோர் என்னவாக இருந்தாலும் சரி. 2002 உலகக் கோப்பை ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்ததால் நமக்கு மேட்ச் எல்லாம் மத்தியானமும் சாயங்காலமும்தான் வந்தன, பக்கத்து வீட்டு டிவி முன்னால் பதினைந்து பேர் உட்கார்ந்து பார்த்தோம். எனக்கு ஒன்பது வயது. ஈக்வடார் என்ற பெயரையே அப்போதுதான் கேள்விப்பட்டேன். இத்தாலியிடமும் மெக்சிகோவிடமும் தோற்றுவிட்டுக் கடைசியில் குரோஷியாவை 1-0 என்று ஜெயித்த டீம். அந்த டீம் அங்கே வந்து சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு ஊர் முழுக்க எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது இருபத்து மூன்று வருஷம் கழித்து இந்த கேமில்தான் எனக்குத் தெரிந்தது. 2001 நவம்பர் 7, உருகுவேயோடு 1-1. கவியேதெஸ் தலையால் முட்டிய கோல். ஒரு டிரா போதும் அவர்களுக்கு.

ஹூலியான் கோர்டெரோ, செபாஸ்தியான் வால்புவேனா என்ற இருவர்தான் இதன் பின்னால் இருக்கிறார்கள். தெருவின் சத்தங்களை கீட்டோவிலேயே போய்ப் பதிவு செய்திருக்கிறார்கள். பேச்செல்லாம் ஸ்பானிஷ், கூடவே ஆங்கிலத்தில் எழுத்து வரும். ஹெட்போன் போட்டு ஆடுங்கள். ஜூன் மாதம் அடுத்த உலகக் கோப்பை வருகிறது, ஈக்வடாரும் ஆடுகிறது. அதற்கு முன்னால் ஒருமுறை ஆடிவிடுங்கள்.

கே: எல்லா விருதும் எக்ஸ்பெடிஷன் 33-க்குத்தானே போனது? அது உங்களுக்குப் பிடிக்கவில்லையா? (திருவொற்றியூர் வாசகர்)

ரொம்பப் பிடித்தது. டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸில் வருஷத்தின் சிறந்த கேம் உட்பட ஒன்பது விருது, இதுவரை எந்த கேமும் ஒரே வருஷத்தில் அத்தனை வாங்கியதில்லை. பிரான்ஸில் மோன்ட்பெலியே என்ற ஊரில் சாண்ட்ஃபால் என்ற புது ஸ்டுடியோ, முக்கியக் குழு முப்பது பேர் அளவுதான்.

கதையை ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடலுக்கு அப்பால் ஒரு பெரிய தூண், அதில் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பெண் எழுந்து ஒரு எண்ணை வரைகிறாள். அந்த வயதில் இருப்பவர்கள் எல்லாம் பூவிதழாக உதிர்ந்து காற்றில் போய்விடுவார்கள். நூறிலிருந்து இறங்கி இறங்கி இப்போது 33. ஊரில் வயதானவர்களே இல்லை. முதல் அரை மணி நேரத்தில் குஸ்தாவ் தன் பழைய காதலி சோஃபியோடு துறைமுகத்துக்கு நடந்து போகிறான், அவளுக்கு அன்றுதான் கடைசி நாள், இரண்டு பேருக்கும் அது தெரியும். குஸ்தாவுக்கு 32. இதை ஆடும்போது எனக்கும் 32. அன்று ராத்திரி அதற்கு மேல் தொடர முடியாமல் நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

சண்டை மாறி மாறி அடிக்கிற முறைதான், ஆனால் எதிரி அடிக்கும்போது சரியான நொடியில் பட்டனைத் தட்டினால் அடியைத் தடுத்துத் திருப்பிக் கொடுக்கலாம். அந்த 'டங்' சத்தத்துக்காகவே இன்னும் ஒரு சண்டை என்று போய்க்கொண்டிருப்பீர்கள். குறை என்றால் மூன்றாவது பகுதி. அங்கே நம் கை ஓங்கிப்போய், ஊரெல்லாம் சுற்றிவிட்டுப் போனால் பெரிய எதிரிகளே ஒரு அடியில் சரிகிறார்கள். அவ்வளவு வலித்த கதை அந்த இடத்தில் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. என் முதல் இடத்தை அது தவறவிட்டது அதனால்தான்.

கே: என்னிடம் பழைய லேப்டாப், கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. நான் எதை ஆடுவது? (கொருக்குப்பேட்டை)

பூச்சிகளின் உலகில் நடக்கும் சண்டை கேமான சில்க்சாங் உங்கள் லேப்டாப்பில் ஓட நல்ல வாய்ப்பு இருக்கிறது, பணம் கொடுக்கும் முன் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையின் பக்கத்தில் போட்டிருக்கும் அளவுகளை மட்டும் ஒத்துப் பாருங்கள். பலாட்ரோ போனிலேயே ஓடும். கார்டு வாங்கக் கடன் வாங்காதீர்கள்.

கே: என் மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். ராத்திரியெல்லாம் போனில் சீட்டாட்டம். கேட்டால் 'பலாட்ரோம்மா, இது கேம்' என்கிறான். ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்த குடும்பத்தை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. (ஒரு தாய், பழைய வண்ணாரப்பேட்டை)

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. எங்கள் தெருவிலும் பார்த்திருக்கிறேன். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பலாட்ரோவில் போக்கர் சீட்டுகள் இருக்கும், ஆனால் எதிரில் உட்கார்ந்து ஆட யாரும் கிடையாது, பணம் கட்டவும் வழி கிடையாது, எடுக்கவும் வழி கிடையாது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் அதோடு சரி, அப்புறம் ஒரு ரூபாய் கேட்காது. மொத்தம் 150 ஜோக்கர்கள், ஒவ்வொன்றும் கணக்கை ஒவ்வொரு விதமாக மாற்றும். எதை எதோடு சேர்த்தால் பெருக்கல் ஏறும் என்று யோசிப்பதுதான் ஆட்டம். 2024 பிப்ரவரியில் வந்தது, கனடாவைச் சேர்ந்த ஒரே ஆள் செய்தது, அவர் தன் சொந்தப் பெயரைக்கூட வெளியே சொல்லாமல் லோக்கல்தங்க் என்ற பெயரில் இருக்கிறார். சூதாட்டக் கம்பெனிக்கு இந்த கேமை ஒருநாளும் கொடுக்கக் கூடாது என்று தன் உயிலிலேயே எழுதி வைத்துவிட்டதாகச் சொன்ன மனிதர் அவர். ஐரோப்பாவில் வயது முத்திரை போடும் பெகி அமைப்பும் உங்களைப் போலவே பயந்து 18 வயது என்று போட்டது, மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் 12 என்று குறைத்தது.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் வேறு. திறமையோ அதிர்ஷ்டமோ, எந்த வகையாக இருந்தாலும் அவற்றை நடத்தக் கூடாது என்று 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் சட்டமே கொண்டு வந்துவிட்டது. ஆனாலும் உங்கள் மனசு சமாதானமாக இரண்டு காரியம் செய்யுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து 'எனக்கும் சொல்லிக் கொடுடா' என்று கேளுங்கள். உண்மையிலேயே பலாட்ரோ என்றால் ஆசையாகச் சொல்லிக் கொடுப்பான். அப்புறம் அவன் சம்மதத்தோடு ஜிபே கணக்கைச் சேர்ந்து பாருங்கள். ராத்திரித் தூக்கம் கெடுவது தனி விஷயம், அதைக் கண்டிக்க வேண்டியதுதான். பலாட்ரோ 'இன்னும் ஒரே ஆட்டம்' என்று இழுக்கும், எனக்குத் தெரியும்.

கே: சில்க்சாங்கில் எறும்புகள் இருக்கிற இடத்தில் நாலு நாளாக மாட்டிக்கொண்டேன். விட்டுவிடட்டுமா? (காசிமேடு)

ஹன்டர்ஸ் மார்ச் என்ற பகுதியைத்தானே சொல்கிறீர்கள்? முதலில் நல்ல செய்தி: அங்கே இப்போது போக வேண்டிய கட்டாயமே இல்லை. திரும்பி வந்து வேறு பக்கம் சுற்றுங்கள், கொஞ்சம் பலம் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2019 பிப்ரவரியில் அறிவித்து ஆறரை வருஷம் காக்க வைத்தார்கள். செப்டம்பர் 4, நம் நேரப்படி சாயங்காலம் ஏழரை மணிக்குத் திறந்தார்கள், ஸ்டீம் உட்படப் பல ஆன்லைன் கடைகளும் கூட்டம் தாங்காமல் திணறிப்போயின. நானும் எட்டு மணிக்கு மேல்தான் வாங்க முடிந்தது. இத்தனைக்கும் விலை 20 டாலர்தான். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி, கைவிரல் விட்டு எண்ணிவிடக் கூடிய ஆட்கள்.

கஷ்டம் உண்மைதான். பல எதிரிகளின் ஒரே அடியில் இரண்டு முகமூடி (இதில் உயிரின் அளவு அதுதான்) போய்விடுகிறது, ஐந்துதான் ஆரம்பத்தில் இருக்கும். முதல் அப்டேட்டிலேயே மூர்விங், சிஸ்டர் ஸ்பிளின்டர் என்ற பெரிய எதிரிகள் இரண்டு பேரையும் கொஞ்சம் இளக்கிவிட்டார்கள், அதை நான் வரவேற்கிறேன். உங்களுக்கு மூன்று யோசனை. அங்கே காசாகச் செல்லும் மணிகளைக் கோர்த்து மாலையாக்கி வையுங்கள், செத்தால் மாலை போகாது. எறியும் ஆயுதங்களைச் சேமிக்காமல் செலவழியுங்கள். கீழே குத்தும்போது நாம் ஆடும் நாயகி ஹார்னெட் சாய்வாகப் போவது பிடிபடவில்லை என்றால் சண்டை முறையை மாற்றும் வாண்டரர்ஸ் கிரெஸ்ட்டைத் தேடுங்கள், அதில் நேராகக் கீழே குத்தலாம். எங்கள் பக்கத்தில் பாக்ஸிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் 'கிளவுஸைப் பாக்காத, தோளைப் பாரு' என்பார். இதிலும் அப்படித்தான், ஊசியோ கொடுக்கோ வருவதற்கு முன்னால் எதிரியின் உடம்பு ஒரு நொடி பின்னால் போகும், அதைப் பார்க்கப் பழகினால் பாதிப் பேர் கையில் அடங்கிவிடுவார்கள். விடாதீர்கள், மேலே சிட்டாடல் என்ற இடம் வரும்போது அந்த இசையைக் கேட்க நீங்கள் இருக்க வேண்டும்.

கே: நானும் தங்கச்சியும் சேர்ந்து ஆட எது? சண்டை வராத கேமாக. (எர்ணாவூர்)

ஸ்பிளிட் ஃபிக்‌ஷன். மார்ச்சில் வந்தது, தனியாக ஆடவே முடியாது, இரண்டு பேர் கட்டாயம். ஒருவர் வாங்கினால் போதும், இன்னொருவர் அவர் வீட்டிலிருந்தே இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். அதில் இரண்டு பேரும் பன்றிக்குட்டியாகிற ஒரு இடம் வரும், முன்கூட்டியே சொல்ல மாட்டேன். சண்டை வராது என்று உறுதி தர முடியாது.

கே: புளூ பிரின்ஸ் என்று ஒன்றைப் பெரிதாகச் சொல்கிறார்களே, எனக்கு ஆங்கிலம் சுமார்தான். வாங்கலாமா? (மாதவரம்)

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். கேம் அபாரம். பெரிய தாத்தா 45 அறை மாளிகையை உயில் எழுதி வைத்திருக்கிறார், 46-ஆவது அறையைக் கண்டுபிடித்தால் வீடு உங்களுக்கு. ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் மூன்று அறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நீங்களே வீட்டைக் கட்டிக்கொண்டு போக வேண்டும், மறுநாள் காலையில் வீடு மறுபடி காலி. டோண்டா ராஸ் என்பவர் எட்டு வருஷம் உழைத்தது. எக்ஸ்பெடிஷன் 33-இல் ஏஐ படங்களைப் பயன்படுத்திய விவகாரத்தில் சிறு ஸ்டுடியோ கேம்களுக்கான இண்டி கேம் அவார்ட்ஸ் தான் கொடுத்த விருதுகளைத் திரும்ப எடுத்தபோது, சிறந்த கேம் விருது இதற்குத்தான் போனது.

ஆனால் புதிர்கள் பலவும் ஆங்கில வார்த்தை விளையாட்டு. ஒரு எழுத்து மாறினால் அர்த்தம் மாறுகிற மாதிரி. நான் ஒரு நோட்டு முழுக்க எழுதித் தீர்த்தேன், என் மனைவி ஆங்கில ஆசிரியை, அவள் பக்கத்தில் இல்லை என்றால் பாதியில் நின்றிருப்பேன். கூட ஆட ஆள் இருந்தால் வாங்குங்கள்.

கே: இதெல்லாம் பிரான்ஸ், ஈக்வடார், ஆஸ்திரேலியா. நம்மைப் பற்றி யார் செய்வார்கள்? (புளியந்தோப்பு)

2023-இல் வெண்பா வந்ததே, ஆடினீர்களா? கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மா பெயர் வெண்பா, மகன் கவின், கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லி ஊற்றுவதுதான் முதல் புதிர். தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே போகும் என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், உலகம் முழுக்க ஆட்கள் அதை யோசித்து யோசித்துச் செய்தார்கள். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக கேம் விருதும் வாங்கியது.

வடசென்னையைப் பற்றி யாரும் இன்னும் செய்யவில்லை என்ற உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. டெஸ்பெலோட்டே ஆடி முடித்த பிறகு தெருப்பையன்கள் இரண்டு பேருக்கு அதைக் காட்டினேன். அவர்கள் இப்போது கேம் செய்ய உதவும் கோடோ என்ற மென்பொருளைக் கற்றுக்கொள்கிறார்கள், அது இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மைதானத்துக்குப் போய், செங்கல் சுவரில் பந்து படும் சத்தம், பையன்கள் கத்துவது, ஒரு அக்கா தம்பியை வீட்டுக்குக் கூப்பிடுவது எல்லாவற்றையும் போனிலேயே பதிவு செய்தோம். நடுவில் ஜீவா ஸ்டேஷன் பக்கம் ரயில் போய் அந்த அக்காவின் குரல் பாதி அமுங்கிப்போனது. மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன், வேண்டாம் அண்ணே, அப்படியே இருக்கட்டும் என்றான் சின்னவன்.