ஆகஸ்ட்டில் ஊட்டி: செயலி மழை என்கிறது, போகலாமா?

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போயிருந்தோம். காலையில் சுள்ளென்று வெயில். இரண்டு மணிக்கு மேல் இடியோடு ஆலங்கட்டி மழை. படகுச் சவாரி ரத்தானது. டீக்கடைக் கூரையின்கீழ் ஒண்டி நின்றதும், பிள்ளைகள் ஆலங்கட்டியைப் பொறுக்கி டீ கிளாஸில் நிரப்பியதும்தான் மிச்சம். இப்போது சுதந்திர தின விடுமுறைக்கு ஊட்டியில் அறை பதிவு செய்திருக்கிறோம். செயலியோ எல்லா நாளும் மழை என்கிறது. ரத்து செய்துவிடலாமா? – மதுரை வாசகர்

பதில்: பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். அறையை மட்டும் மலையின் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

மே மாதம் உங்களை விரட்டியது வெப்பச்சலன மழை. காலை வெயிலில் தரை சூடேறி, ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடிமேகமாகத் திரண்டு கொட்டிவிட்டுப் போகும். ஆகஸ்ட் மழையின் குணம் வேறு. அது தென்மேற்குப் பருவக்காற்று கொண்டு வருவது. அந்தக் காற்று முதலில் முட்டுவது நீலகிரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில்: கூடலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி. ஈரத்தில் பெரும்பகுதியை அங்கேயே இறக்கிவிடுகிறது. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 செ.மீ.க்கு மேல் பதிவானது. கிழக்கே நகர நகர மழை மெலிகிறது. ஊட்டிக்கு வரும்போது பெரும்பாலும் தூறலும் மூடுபனியும்தான். 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா தொடர் மிச்சத்தையும் மறித்துக்கொள்ள, அதற்குக் கிழக்கே இருக்கும் கோத்தகிரியில் அதே நாளில் துணி உலர்த்திக்கொண்டிருப்பார்கள். மலையடிவார மேட்டுப்பாளையத்தில் வெறும் காற்று.

அக்டோபர், நவம்பரில் இது அப்படியே தலைகீழாகும். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கத்தைத்தான் குறிவைக்கும். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் மண்சரிவால் பல உயிர்கள் போயின. கல்லாறு–குன்னூர் தடத்தில் மலை ரயில் அடிக்கடி நிறுத்தப்படுவதும் அந்த மாதங்களில்தான். ஆகவே ‘ஊட்டிக்கு எந்த மாதம் நல்லது’ என்ற கேள்வியே அரைகுறை. எந்த மாதத்தில் எந்தச் சரிவு என்று கேட்க வேண்டும்.

செயலி பொய் சொல்லவில்லை. அதற்கு மலை சரியாகத் தெரிவதில்லை. பல கிலோமீட்டர் அகலக் கட்டம் ஒன்றுக்குச் சராசரியாக ஒரு கணிப்பு. அந்தக் கட்டத்துக்குள் ஒரு சிகரமும் இரண்டு பள்ளத்தாக்கும் அடங்கிவிடும். அரை மணி நேரத் தூறலுக்கும் நாள் முழுக்கக் குடைப் படம் போட்டுவிடும். மணிவாரிக் கணிப்பையும் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் பாருங்கள். அதைவிட முக்கியம், வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக விடும் எச்சரிக்கை. மஞ்சள் என்றால் மேற்குப் பக்கம் தலைகாட்டாமல் இருந்தால் போதும். ஆரஞ்சு என்றால் பயணத்தை ஓரிரு நாள் தள்ளிப்போடுங்கள். 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடும் என்பதுதான் சிவப்பு. அன்று மலையேறாதீர்கள், சுற்றுலா இடங்களையும் மூடிவிடுவார்கள். நீலகிரிக்குள் வண்டி நுழைவதற்கான இ-பாஸ் வாங்கியிருந்தால், தேதி மாறும்போது அதையும் மறக்காமல் புதிதாக எடுங்கள்.

ஆகஸ்ட்டில் மழையைவிடக் காற்றுதான் எனக்குக் கவலை. நெட்டையான கற்பூர (யூகலிப்டஸ்) மரங்கள் வேரோடு சாலையில் சாய்வது அங்கே வாடிக்கை. மரத்தடியில் வண்டியை நிறுத்த வேண்டாம். குடையை அந்தக் காற்று ஒரே வீச்சில் மடக்கிவிடும். ஆளுக்கொரு மழைக்கோட்டு, இரண்டு ஜோடிக் கூடுதல் காலுறை, இவை போதும். மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டி ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெப்பநிலை 12 டிகிரி வரை குறையும். கம்பளிச் சட்டையைப் பெட்டிக்கு அடியில் வைத்துக் கட்டிவிட்டு, குன்னூர் வளைவுகளில் வண்டியை நிறுத்தித் தேடுபவர்களை எல்லாப் பருவத்திலும் பார்க்கலாம்.

இடங்களைப் பொறுத்தவரை, தொட்டபெட்டா உச்சியை விட்டுவிடுங்கள். ஆகஸ்ட்டில் பல நாள் அங்கே வெள்ளைச் சுவர்தான் தெரியும். கோத்தகிரியில் தங்கினால் கோடநாடு காட்சிமுனை, குன்னூர் சிம்ஸ் பூங்கா, ஒரு தேயிலைத் தொழிற்சாலை என்று நாளுக்கு இரண்டு இடம் தாராளம். எதற்கு எப்போது போவது என்பதைக் காலையில் வானத்தைப் பார்த்து, விடுதிக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டு முடிவு செய்யுங்கள். அட்டவணை போட்டு ஐந்து இடம் ஓடுபவர்களுக்குத்தான் மழை எதிரி.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் தாவரவியல் பூங்காவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை; பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டீர்கள். ஆலங்கட்டியை எதில் நிரப்பினார்கள் என்பது வரை இருக்கிறது. எதிர்பாராமல் குறுக்கிட்டதை மனம் விவரத்தோடு பதிந்துகொள்ளும். திட்டப்படி நடந்ததைச் சுருக்கிவிடும். எனவே மூடுபனி இறங்கும் நேரத்துக்கென்று நாளில் இரண்டு மணி நேரத்தைக் காலியாக விடச் சொல்வேன். தேநீர், சூடான வர்க்கி, ஜன்னலோரம் ஒரு சீட்டுக்கட்டு. (வர்க்கியை ஊருக்கு வாங்கினால் மூடி இறுக்கமான டப்பாவில் போடுங்கள். அந்த ஈரத்தில் ஒரே இரவில் நமத்துவிடும்.)

திரும்பும் நாளில் மதிய உணவு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். இருட்டியபின் மலைப்பாதை மூடுபனியில் ஓட்டுவது பழகாதவர்களுக்குக் கடினம். பனி சூழ்ந்தால் முகப்பு விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்தினால் ஒளி பனியில் பட்டு உங்கள் கண்ணையே கூசவைக்கும். மலை இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள்.